ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் வீடு என்றால் பழைய இங்கிலாந்து மட்டும்தானா?

கேள்வி, ஜனவரி 11

லண்டன் வால்தம்ஸ்டோவில் 1905-ல் கட்டிய வரிசை வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். வடக்குப் பார்த்த முன்கூடத்தை ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் பாணியில், அதாவது 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆலைப் பொருளுக்கு எதிராகக் கைவேலையைத் தூக்கிப் பிடித்தவர்களின் பாணியில், மாற்ற ஆசை. வந்து பார்த்த உள்ளலங்காரக்காரர், "இது முழுக்க இடைக்கால இங்கிலாந்து. கறுத்த ஓக் பலகை, கூர்வளைவு, பட்டை இரும்புக் கீல், அவ்வளவுதான்" என்கிறார். நான்கு சுவருக்கும் பலகை அடிக்க அவர் கேட்கும் தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் பாணி இடைக்காலத்தின் நகல்தானா? வேறு எதுவும் கலக்கவில்லையா?

ஜனவரி 11, இரவு

பலகைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொல்வது பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பியூஜின் என்ற கட்டடக் கலைஞர் 1841-லேயே எழுதிவிட்டார்: கட்டடத்துக்குத் தேவைப்படாத எதுவும் அதில் இருக்கக் கூடாது, அலங்காரம் என்றால் கட்டுமானத்தையே அழகுபடுத்துவதுதான். இதற்கு அவர் உதாரணம் காட்டியது இடைக்காலத் தேவாலயங்களை. அடுத்து கலை விமர்சகர் ரஸ்கின். வெனிஸ் நகரக் கட்டடங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூலில் கூர்வளைவுகள் நிறைந்த இடைக்காலக் கோதிக் கலையின் இயல்பு குறித்து ஓர் அத்தியாயம் வரும், 1853-ல் வெளியானது. கல்தச்சனுக்குத் தன் மனம்போல் செதுக்கும் உரிமை இருந்ததால்தான் அந்த வேலையில் உயிர் இருக்கிறது, கொஞ்சம் கோணல் இருந்தாலும் அது மனிதக் கையின் அடையாளம் என்றார். அதே ஆண்டு ஆக்ஸ்போர்டில் படிக்கச் சேர்ந்த வில்லியம் மாரிஸ், பின்னாளில் இந்த இயக்கத்தின் முன்னோடி வடிவமைப்பாளர், இதைப் படித்துவிட்டு வாழ்நாள் முழுக்க விடவில்லை.

1859-ல் மாரிஸுக்காக அவருடைய நண்பர், கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப் வரைந்த வீடுதான் பெக்ஸ்லிஹீத்தில் உள்ள ரெட் ஹவுஸ். செங்கல், செங்குத்தான ஓட்டுக்கூரை, கூர்வளைவு, கூம்புத் தொப்பி போட்ட கிணறு. வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் ஆள் சொல்வது அத்தனையும் இருக்கிறது.

ஆனால் ஜன்னலைப் பாருங்கள். மேலே கோதிக் கூர்வளைவு. அதற்குள் பொருத்தியிருப்பதோ மேலும் கீழும் இழுக்கிற சட்ட ஜன்னல். அது 18-ஆம் நூற்றாண்டு வீடுகளுக்கு உரியது, இடைக்காலத்தில் கிடையாது. வெப்புக்கு அது தெரியாமல் இல்லை. இழுக்க வசதியாக இருந்தது, வைத்தார். இந்த இயக்கத்தின் தொடக்கம் என்று எல்லோரும் காட்டுகிற வீட்டிலேயே இரண்டு காலங்கள் ஒரே ஜன்னலில் நிற்கின்றன. சுவர் நிறைய மாரிஸின் வால்பேப்பர், அவரே வரைந்த மேசை நாற்காலி என்று உள்ளேயும் கலவைதான்.

ஜனவரி 12, காலை

நேற்று இரவு கடைசி வரியில் தவறு. மாரிஸ் குடியேறிய 1860-ல் அவருடைய வால்பேப்பர் என்று ஒன்றே கிடையாது. வீட்டு அலங்காரப் பொருள்கள் செய்யும் நிறுவனத்தை அவரும் நண்பர்களும் தொடங்கியது 1861-ல். ரோஜாப் பந்தல் போட்ட 'ட்ரெல்லிஸ்' வடிவத்தை வரைந்தது 1862-ல், அதுவும் அந்த வீட்டுத் தோட்டத்துப் பந்தலைப் பார்த்து. அதில் உட்கார்ந்திருக்கும் பறவைகள் வெப் வரைந்தவை. 1864-ல்தான் வால்பேப்பர்கள் விற்பனைக்கு வந்தன. மரச்சாமான்களிலும் பெரும்பாலானவை வெப் வரைந்தவை. தொடக்கத்தில் சுவர்களில் இருந்தது கையால் தைத்த தொங்கல் துணியும் ஓவியமும்தான்.

இன்னொன்று. 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' என்ற பெயரே 1887-ல் கண்காட்சிச் சங்கம் ஒன்றுக்காகப் புத்தகக் கட்டுநர் காப்டன்-சாண்டர்சன் சொன்னது. பெயர் வருவதற்குள் வீட்டுக்கு வயது இருபத்தேழு.

ஜனவரி 14

ரெட் ஹவுஸுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை எல்லோரையும் போல அலமாரியையும் கணப்படுப்பையும் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை மாடிப்படிக்கு மேலே உள்ள கூரையை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தபோதுதான் அந்தப் புள்ளிகள் கண்ணில் பட்டன. சுண்ணச்சாந்து ஈரமாக இருக்கும்போதே ஊசி முனையால் குத்தியது போல வரிசை வரிசையாகச் சிறு குழிகள். அதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மேலே வண்ணத்தில் கோலம் தீட்டியிருக்கிறார்கள். வண்ணம் மங்கினால் அடுத்து வருபவர் அதே புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு திரும்பத் தீட்டலாம். பின்னொரு நாள் அழிந்துபோகும் என்று தெரிந்தே, திரும்பப் போடுவதற்கு வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புள்ளி வைத்துக் கோலம் போடுகிற வீட்டில் பிறந்தவனுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கழுத்து வலிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

அன்றைக்கு எனக்குத் தோன்றியது இதுதான். இவர்கள் பழங்காலத்திலிருந்து எடுத்துக்கொண்டது வடிவத்தை அல்ல, வேலை செய்யும் முறையை. எந்தக் காலம், எந்த நாடு என்பது இரண்டாம் பட்சம். உங்கள் ஆள் இயந்திரத்தில் வெட்டிய பலகையைக் கறுப்பு பாலிஷ் பூசிப் பசையில் ஒட்டினால், அது பார்க்க எவ்வளவு இடைக்காலமாக இருந்தாலும் ரஸ்கினும் மாரிஸும் எதிர்த்த பொருள் அதுதான்.

ஜனவரி 15

'கரும்பலகை' என்ற பெயரில் எழுதுகிறவர் கேட்டிருக்கிறார்: "வடிவத்தை எடுக்கவில்லையா? ரெட் ஹவுஸில் டெய்ஸிப் பூ தைத்த தொங்கல் துணி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துச் சுவடியைப் பார்த்துப் போட்டதுதானே?"

ஆமாம். நேற்று நான் சொன்னது அளவுக்கு மீறிய பேச்சு. நீலக் கம்பளித் துணியில் ஜேன் மாரிஸும் மற்றவர்களும் தைத்த அந்த டெய்ஸிச் செடிகள், ஃப்ராய்சார் என்ற இடைக்கால வரலாற்றாசிரியரின் சுவடிப் படத்தில் உள்ள தொங்கல் துணியிலிருந்து வந்தவை. பிற்காலத்தில் மாரிஸ் வரைந்த 'ஈவன்லோட்' துணியில் கொடி சாய்வாக ஓடுவதும் அப்படித்தான். சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1883-ல் வாங்கிய 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய வெல்வெட் ஒன்றைப் பார்த்த பிறகு வந்த ஓட்டம் அது.

எனவே திருத்திக்கொள்கிறேன். வடிவத்தையும் எடுத்தார்கள், முறையையும் எடுத்தார்கள். எடுத்த வடிவம் அப்படியே நிற்கவில்லை, டெய்ஸி பிறகு வால்பேப்பராகவும் ஆனது. முறையை மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஜனவரி 19

கேட்டவர் தனிச்செய்தியில் மாரிஸின் 'ஸ்ட்ராபெரி தீஃப்' துணியில் திரைச்சீலை வாங்கலாமா என்று விசாரித்திருந்தார். இதை எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம் கடற்கரை வருகிறது.

1870-களில் மாரிஸுக்குப் புதிய ரசாயனச் சாயங்கள் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சீக்கிரம் வெளுக்கின்றன, அதுவும் அசிங்கமாக வெளுக்கின்றன என்பது அவர் கோபம். ஸ்டாஃபோர்டுஷயரில் லீக் என்ற ஊரில் தாமஸ் வார்டில் நடத்திய சாயப்பட்டறைக்குப் போய் அவுரியும் மஞ்சிட்டியும் வைத்துக்கொண்டு, கை நீலமாகும்வரை தொட்டியில் வேலை செய்தார். 1881-ல் மெர்ட்டன் ஆபியில் சொந்தப் பட்டறை கிடைத்ததும்தான் நினைத்தது நடந்தது. 1883-ல் அந்தத் துணி. மாரிஸின் கெல்ம்ஸ்காட் கிராமத்து வீட்டுத் தோட்டத்தில் ஸ்ட்ராபெரிப் பழத்தைத் திருடித் தின்ற த்ரஷ் குருவிகளைப் பார்த்து வரைந்தது.

செய்முறை இப்படி. வெள்ளைத் துணி முழுவதையும் முதலில் அவுரித் தொட்டியில் முக்கி நீலமாக்கிவிடுவார்கள். பிறகு, எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே அச்சுக்கட்டையால் வெளுப்பு மருந்தை ஒற்றி நீலத்தை எடுப்பார்கள். அடுத்து, சிவப்பு பிடிக்க வேண்டிய இடத்தில் காரம் (சாயத்தைத் துணியோடு பிடிக்க வைக்கும் உப்பு) ஒற்றிச் சிவப்புச் சாயம். கடைசியில் மஞ்சள். மஞ்சள் விழுந்த இடத்தில் நீலம் இருந்தால் பச்சை. ஒரு துணி முடியப் பல நாள் ஆகும். மாரிஸ் நிறுவனத்தின் பருத்தித் துணிகளிலேயே விலை அதிகமானவற்றில் இதுவும் ஒன்று.

இப்போது சோழமண்டலக் கரையைப் பாருங்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அங்கிருந்து கப்பலேறிய சீட்டித்துணியில் இதே மூன்று வண்ணங்கள்தான் உயிர். அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு, மேலே மஞ்சள். காரமாகப் படிகாரத்தைக் கலம் என்ற மூங்கில் பேனாவால் எழுதிச் சாயவேரில் கொதிக்க விட்டால், எழுதிய கோடு மட்டும் சிவப்பாகும். நீலத்துக்கு மட்டும் வழி நேர்மாறு. எங்கே நீலம் வேண்டாமோ அங்கெல்லாம் மெழுகு பூசிவிட்டு, பிறகு தொட்டியில் முக்குவார்கள். நம்மவர்கள் வெள்ளையைக் காப்பாற்றி வைத்தார்கள், மாரிஸ் நீலத்துக்குள்ளிருந்து வெள்ளையைத் தோண்டி எடுத்தார். காரம் சாயத்தைப் பிடிக்கும் என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்றே.

நான் ஒருமுறை வார இறுதிப் பயிற்சி ஒன்றில் அவுரித் தொட்டியில் துணி முக்கினேன். தொட்டிக்குள் நீலமே இல்லை, மஞ்சளும் பச்சையுமாகக் குழம்பிய தண்ணீர். வெளியே எடுத்த துணியும் வாழைக் குருத்து நிறம். காற்று பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் ஏற ஆரம்பித்தது, மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் பச்சை கொஞ்ச நேரம் ஒளிந்திருந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர், ஆங்கிலேயர், கையைத் தட்டினார். ஐந்தாறு முறை முக்கினால்தான் ஆழ்ந்த நீலம்.

சரி, திரைச்சீலை. தாராளமாக வாங்குங்கள். அது இடைக்காலத் துணி அல்ல என்று மட்டும் உங்கள் ஆளிடம் சொல்லிவிடுங்கள்.

ஜனவரி 20

நேற்று விட்டுப்போனது. ஆங்கிலத்தில் 'சின்ட்ஸ்', நம்மிடம் 'சீட்டி'. இரண்டுக்கும் ஒரே இந்திச் சொல்தான் மூலம். அந்தத் துணி இங்கிலாந்தில் அவ்வளவு விற்றதால் உள்ளூர் நெசவாளர்கள் கொந்தளித்து, 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டுச் சாமான்களுக்கு உபயோகிக்கவும் தடை வாங்கினார்கள். 1774 வரை தடை நீடித்தது. ஜன்னல் திரைக்குக்கூட சட்டம் போட்டிருக்கிறார்கள்! அந்த ஆசையும் அந்தத் தடையும் சேர்ந்துதான் ஆங்கில அச்சுத்துணித் தொழிலை வளர்த்தன. மாரிஸ் கையில் கிடைத்தபோது அது ஆங்கிலக் கிராமத்து வீட்டுத் துணி என்றே பெயராகிவிட்டிருந்தது.

ஜனவரி 26

கறுத்த ஓக் பற்றி. என் அப்பா தச்சர் என்பதால் இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

அமெரிக்காவில் கஸ்டாவ் ஸ்டிக்லி செய்த மேசை நாற்காலிகளின் ஆழ்ந்த பழுப்பு பூச்சால் வந்தது அல்ல. வெள்ளை ஓக்கை நடுவிலிருந்து ஆரைப்போக்கில் அறுத்தால் குறுக்கே பட்டுப்போல மின்னும் வரிகள் தெரியும். அந்த மரத்தை மூடிய அறையில் வைத்து அமோனியா ஆவி காட்டுவார்கள். மரத்தில் உள்ள துவர்ப்பொருளும் ஆவியும் சேர்ந்து மரமே உள்ளுக்குள் கறுக்கும். கீறினாலும் வெள்ளை தெரியாது.

போன மாதம் நானே ஒரு சின்னச் சுவர்த் தட்டு செய்து பார்த்தேன். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி, அடியில் கிண்ணத்தில் அமோனியா, மேலே கம்பித் தட்டில் மரம். வீட்டுக்கு வெளியேதான் வைக்க வேண்டும், முகமூடி, கண்ணாடி, கையுறை இல்லாமல் கிட்டப் போகக் கூடாது. ஒரு நாள் கழித்துத் திறந்தால் ஒன்றுமே ஆகவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வெளியே எடுத்து வெட்டுமுகத்தைச் சீவிப் பார்த்தேன். அது ஓக்கே அல்ல. ஓக் என்று சொல்லி ஒரு மரக்கடையில் வேறு எதையோ தலையில் கட்டிவிட்டார்கள். துவர்ப்பு இல்லாத மரத்துக்கு எத்தனை நாள் ஆவி காட்டினாலும் அப்படியேதான் இருக்கும். மூட்டுகளை ஒவ்வொன்றாக அளந்து இறக்கியிருந்தேன், மனசு ஆறவில்லை.

வேறு கடையில் நல்ல ஓக் வாங்கித் திரும்பச் செய்தேன். இருபத்துநாலு மணி நேரத்தில் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக வந்தது. இதுவும் போச்சா என்று நினைத்துக்கொண்டே எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துணி போன வழியெல்லாம் தேன் நிறம் விழித்துக்கொண்டு வந்தது. ஓரத்தில் ஒரு விரற்கடை அகலம் மட்டும் வெளிறியே இருக்கிறது. அது வெளிமரம், அங்கே துவர்ப்பு குறைவு. அதை மறைக்கப் போவதில்லை.

அப்புறம் இதே ஸ்டிக்லி செய்த சாய்வு நாற்காலிக்கு 'மாரிஸ் நாற்காலி' என்று பேர். அதன் கதை இன்னும் அழகு. 1866-ல் மாரிஸ் நிறுவன மேலாளர் வாரிங்டன் டெய்லர், சசெக்ஸில் ஹெர்ஸ்ட்மான்சியு என்ற ஊரில் எஃப்ரயிம் கோல்மன் என்ற கிழத் தச்சரின் பட்டறையில் முதுகுச் சாய்வை மாற்றி வைக்கிற நாற்காலியைப் பார்த்தார். படம் போட்டு வெப்புக்கு அனுப்பினார். அங்கிருந்து அமெரிக்கா. கோரையால் இருக்கை பின்னிய சசெக்ஸ் நாற்காலியும் அதே மாவட்டத்துக் கிராம வழக்கம்தான். வரலாறு என்றதும் நாம் கோட்டையையும் தேவாலயத்தையும் தேடுகிறோம். இவர்கள் அடுத்த கிராமத்துத் தச்சுப் பட்டறைக்குள் நுழைந்திருக்கிறார்கள், அந்தக் கிழவர் அப்போது உயிரோடு இருந்தார்.

ஜனவரி 27

ஒருவர் எழுதியிருப்பது: "இவ்வளவும் கைவேலை என்றால் பணக்காரருக்குத்தானே?"

உண்மை. மாரிஸுக்கே அது உறுத்திக்கொண்டே இருந்தது, சோஷலிஸ்டாகி மேடையேறியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இயந்திரத்தைத் தொடவே மாட்டார்கள் என்பது மிகை. மெர்ட்டனில் துளையட்டை வழிகாட்ட வடிவம் நெய்கிற ஜக்கார்டு தறி ஓடியது. ஸ்டிக்லியின் ஆலையில் இயந்திரங்கள் இருந்தன, அவர் தன் பத்திரிகையில் மேசை நாற்காலிகளுக்கு அளவு போட்ட வரைபடங்களையே வெளியிட்டார், யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்துகொள்ளலாம். என் தட்டும் அப்படி வந்த ஒரு படத்தின் வழிதான்.

பிப்ரவரி 2

நான்கு சுவருக்கும் கறுப்புப் பலகை வேண்டாம் என்பதற்கு என்னிடம் உள்ள பெரிய சாட்சி பிளாக்வெல் என்ற வீடு.

விண்டர்மியர் ஏரிக்கரையில், மான்செஸ்டர் பீர் ஆலை முதலாளி ஒருவருக்காகக் கட்டடக் கலைஞர் பெய்லி ஸ்காட் 1898 முதல் 1900 வரை கட்டிய விடுமுறை வீடு. உள்ளே நுழைந்ததும் பெருங்கூடம். ஓக், மரச்சட்டம் தெரிகிற சுவர், ஆள் நுழைந்து உட்காருகிற அளவுக்குக் கணப்படுப்பு மூலை, மேலே மாடம். பழைய பிரபுக்களின் மாளிகைக் கூடம் மாதிரியே. உங்கள் ஆள் இங்கே நின்றால் மீசையை முறுக்குவார். ஆனால் இருட்டான நடையைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனதும் எல்லாம் வெள்ளை. சுவர் வெள்ளை, மரவேலை வெள்ளை, மேலே இலையும் பழமும் செதுக்கிய மெல்லிய தூண்கள், ஜன்னல் நிறைய ஏரி. நான் போன அன்று மழை, இருந்தும் அறைக்குள் வெளிச்சம் குறையவில்லை. கூடத்தின் இருட்டு இந்த வெளிச்சத்துக்காகவே வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு கட்டடக் கலைஞர் வாய்சி 1899-ல் சார்லிவுட்டில் தனக்கே கட்டிக்கொண்ட வீட்டிலும் மரவேலைக்கு வெள்ளைதான்.

உங்கள் முன்கூடம் வடக்குப் பார்த்தது என்றீர்கள். அங்கே கறுப்பு அடித்தால் பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

கலிஃபோர்னியாவைக் கேட்டிருந்தவருக்கு: கட்டடக் கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் பாசடீனாவில் 1908-ல் கட்டிய கேம்பிள் வீட்டில் இங்கிலாந்தைவிட ஜப்பான்தான் அதிகம். 1893 சிகாகோ கண்காட்சியில் ஜப்பானிய மரக்கட்டடம் ஒன்று எல்லோரையும் மயக்கியது. கேம்பிள் வீட்டின் முன்கூடம் பர்மாத் தேக்கு. 'டீக்' என்ற ஆங்கிலச் சொல்லே 'தேக்கு' போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகப் போனதுதான்.

பிப்ரவரி 3

தமிழர் யாராவது இந்த இயக்கத்துக்குள் இருந்தார்களா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். இருந்தார், ஓரமாக அல்ல, நடுவிலேயே.

ஆனந்த குமாரசுவாமி. 1877-ல் கொழும்பில் பிறந்தவர், அப்பா சர் முத்து குமாரசுவாமி, அம்மா ஆங்கிலேயர். இந்த இயக்கத்தின் கட்டடக் கலைஞர் சி. ஆர். ஆஷ்பீ தன் கைவினைக் குழுவை லண்டனிலிருந்து 1902-ல் சிப்பிங் கேம்ப்டனுக்குக் கொண்டு போனார். பக்கத்துக் கிராமம் பிராட் கேம்ப்டனில் இடிந்து கிடந்த நார்மன் காலச் சிற்றாலயம் ஒன்றைக் குமாரசுவாமிக்காக ஆஷ்பீதான் வீடாக மாற்றிக் கொடுத்தார். அந்த வீட்டில் வைத்துத்தான் இலங்கையின் இடைக்காலக் கைவினைகள் பற்றிய பெரிய நூல் 1908-ல் அச்சானது, மாரிஸ் இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் படைப்புகளை அடித்த அதே கை அச்சுப்பொறியில். அவருடைய முதல் மனைவி எத்தல் பிறகு எத்தல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் பெரிய நெசவாளரானார், தாவரச் சாயங்கள் பற்றிப் புத்தகம் எழுதினார்.

மாரிஸ் கையில் நீலம் படிந்தபோது தேடியதைக் குமாரசுவாமி கண்டியில் வேலை செய்துகொண்டிருந்த கைவினைஞர்களிடமே பார்த்தார். இந்த வரியை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, மறைக்கவில்லை.

பிப்ரவரி 9

கேட்டவர் படம் போட்டிருக்கிறார். பலகையாளரை அனுப்பிவிட்டார்களாம். கணப்படுப்பைச் சுற்றி அடித்திருந்த ஆறு அடுக்கு பெயின்டைச் சுரண்டினால் அடியில் பச்சை டைல்ஸ், இரண்டு மட்டும் விரிசல். அந்த இரண்டையும் மாற்றாதீர்கள். சுவர் வெள்ளை, குருவித் திரை, ஓக்கில் ஒரே ஒரு தட்டு, போதும். அந்தக் காலத்துப் பழைய வால்பேப்பர் எங்காவது அடியில் கிடைத்தால் மட்டும் காய்ந்தபடி சுரண்டாதீர்கள். அந்தக் காலப் பச்சைகளில் ஆர்சனிக் உண்டு, மாரிஸின் ஆரம்பகாலத் தாள்களிலும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வி அண்ட் ஏ (பழைய சவுத் கென்சிங்டன், இப்போது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம்) போவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் காபிக் கடைக்குப் பக்கத்து அறையில் உட்காருங்கள், 1860-களில் மாரிஸும் வெப்பும் ஓவியர் பர்ன்-ஜோன்ஸும் செய்த பச்சைச் சாப்பாட்டு அறை அது, இன்றைக்கும் அங்கே டீ குடிக்கலாம். பிறகு அர்தபில் கம்பளம். 1539-40-ல் ஈரானில் முடிந்தது, பத்து மீட்டருக்கு மேல் நீளம். மாரிஸ் நேரில் பார்த்துவிட்டு வாங்கியே ஆக வேண்டும் என்று சொன்னதால் 1893-ல் 2,000 பவுண்டுக்கு வந்தது. வண்ணம் மங்கக் கூடாது என்று மணிக்கொரு தரமும் அரைமணிக்கொரு தரமும் பத்து நிமிடம்தான் விளக்குப் போடுகிறார்கள். ஐந்து நிமிடம் முன்னாலேயே போய் இருட்டில் நில்லுங்கள், விளக்கு ஏறும்போது கிட்ட இருக்க வேண்டும்.